ஐந்தடி ஓரங்குலத்துக்கு ஒரு வெள்ளைக் கவசம்

பெட்டியை முதலில் திறந்தது நானில்லை, அம்மா. நான் வேலை முடிந்து உப்புவெளிக்கு வந்துசேர மாலை ஆறரை ஆகிவிட்டது. விறாந்தையில் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். மேலே திணித்திருந்த தாள்களை விலக்கி, தலைக்கவசத்தின் முன்பாதியை மட்டும் எடுத்து மடியில் வைத்திருந்தார். கண்ணுக்கு இன்னும் துளை வெட்டாத வெள்ளை முகம்.

"இது ஆமிக்காரன்ர தலையோ பிள்ளை?" என்று கேட்டார்.

ஓம் என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்து வெள்ளைக் கவசப் படைவீரன், ஸ்டார்ம்ட்ரூப்பர். பதினான்கு மாதம் காசு சேர்த்து வாங்கிய கிட், துண்டுகளை நாமே வெட்டி ஒட்டி உடுப்பாக்கவேண்டும். திருகோணமலையில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் சீருடைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான், அம்மாவின் கேள்விக்குள் என்ன இருந்தது என்று எனக்கு விளங்கியது. அன்றிரவே ஒன்றைத் தீர்மானித்தேன். இந்த உடுப்புக்குரிய துப்பாக்கியை நான் வாங்கவும் மாட்டேன், செய்யவும் மாட்டேன். இடுப்பில் தொங்கும் அதன் உறைகூட என் உடுப்பில் இல்லை.

அந்தப் படைவீரன்மேல் எனக்கு ஒருநாளும் பிரியம் இருந்ததில்லை. பிரியம் எல்லாம் அவன் போட்டிருந்த தட்டுகளில். பன்னிரண்டு வயதில், பக்கத்து வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போட்ட ஒரு இரவில், கதை எனக்குப் பாதிக்குமேல் விளங்கவில்லை. அந்த வெள்ளைத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று எப்படிப் படிகின்றன, நடக்கும்போது தொடையும் முழங்காலும் எப்படி ஒன்றை ஒன்று இடிக்காமல் போகின்றன என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று நான் நகரத்தில் ஒரு பல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பல்செட், பல் உறை, நித்திரையில் பல்லை நெருமுகிறவர்களுக்கான காப்பு எல்லாம் என் மேசையில்தான் உருவாகின்றன. அந்தக் காப்பைச் செய்யும் முறையும் இந்தக் கவசத்தைச் செய்யும் முறையும் ஒன்று என்று தெரிந்த நாளில்தான் காசு சேர்க்கத் தொடங்கினேன்.

முறை இதுதான். நோயாளியின் பல்வரிசைக்கு பிளாஸ்டரில் அச்செடுப்போம். அதன்மேல் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அது இளகித் தொய்யும் நேரத்தில் கீழிருந்து காற்றை உறிஞ்சுவோம். தகடு அச்சோடு ஒட்டிப் படியும். அந்தப் படத்துக்கு உடுப்புச் செய்தவர்களும் இதையேதான் பெரிய அளவில் செய்தார்கள். உடற்தட்டுகளை பிரயன் மியூர் என்ற ஆங்கிலேயச் சிற்பி களிமண்ணில் செதுக்கினார். அதிலிருந்து அச்சுகள் எடுத்து, ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கின் வெள்ளைத் தகட்டை அவற்றின்மேல் உறிஞ்சவைத்தார்கள். தலைக்கவசங்களில் பெரும்பாலானவற்றை மட்டும் பாலிஎதிலீன் வகைப் பிளாஸ்டிக்கில் எடுத்து, மேலே வெள்ளை பெயின்ற் அடித்தார்கள். என் கிட்டில் தலைக்கவசமும் ஏபிஎஸ்தான். எல்லாத் துண்டும் 2 மி.மீ. தகட்டில் எடுத்தவை.

ஆகவே பெட்டியைப் பிரித்ததும் நான் செய்த முதல் வேலை, ஒவ்வொரு துண்டையும் ரியூப் லைற்றுக்கு எதிரே பிடித்துப் பார்த்தது. தகடு ஆழமாக இழுபட்ட இடம் மெல்லியதாகிவிடும், அங்கே வெளிச்சம் சாடையாகக் கசியும். பல் காப்பிலும் முதலில் உடைவது அந்த இடம்தான். முழங்கால் மூலை, தலைக்கவசத்தின் நாடி, பின்தட்டின் கீழோரம் ஆகிய மூன்று இடத்திலும் கசிந்தது. உள்பக்கம் பென்சிலால் வட்டமிட்டு வைத்தேன். பிறகு வெட்டி எறிந்த துண்டுகளையே அங்கே இரண்டாம் படையாக ஒட்டினேன்.

தலைக்கவசத்தைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். 2011இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், இந்தத் தலைக்கவசம் சட்டத்தின் கண்ணில் ஒரு சிற்பம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. படத்துக்கான ஒரு பொருள், அவ்வளவுதான் என்றது. சட்டத்துக்கு அது சரியாக இருக்கலாம். கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடது கன்னமும் வலது கன்னமும் ஒன்றல்ல. கண்குழி இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒரு மனுசக் கை களிமண்ணில் செதுக்கியதன் அடையாளம் அது. என்னிடம் வரும் தாடை அச்சுகளிலும் இரண்டு பக்கமும் அப்படியே ஒத்துப்போனதை நான் கண்டதில்லை. இந்தக் கோணலை நிரவி நேராக்குபவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு மி.மீ. கூடத் தொடவில்லை.

அடுத்தது அளவு. கிட் ஆறடிக்குக் கிட்ட உயரமான ஆணுக்கு எடுத்தது. நான் ஐந்தடி ஓரங்குலம். தொடைத் துண்டைக் காலில் வைத்தால் மேல்விளிம்பு இடுப்பெலும்பில் இடித்தது, கீழ்விளிம்பு முழங்காலுக்குக் கீழே போனது. இங்கே அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. ஏபிஎஸ்ஸை வெட்டுவது சுலபம், வெட்டியதைத் திருப்பி வளர்க்க முடியாது. மூன்று கிழமை ஒரு துண்டையும் வெட்டாமல், பழைய பேப்பரை இரட்டையாக மடித்து ஒவ்வொரு தட்டுக்கும் மாதிரி செய்து, மாஸ்கிங் ரேப்பால் உடம்பில் ஒட்டிப் பார்த்தேன். தம்பிதான் ஒட்டிவிட்டான். பேப்பர் கவசத்தோடு உட்கார்ந்து, எழும்பி, விறாந்தைப் படி ஏறி இறங்கினேன். எங்கே கிழிகிறதோ அங்கே பிளாஸ்டிக் இறைச்சியைக் கடிக்கும் என்று அர்த்தம். முழங்கை மடிப்பிலும் கவட்டிலும் ஒவ்வொரு தரமும் கிழிந்தது.

தொடைத் துண்டின் கீழ்விளிம்பில் ஒரு மேடு இருக்கிறது, வடிவத்துக்கு அது வேண்டும். ஆகவே மேலிருந்து 4 செ.மீ. எடுத்தேன். முன்கையில் மணிக்கட்டுப் பக்கம் 3 செ.மீ. வயிற்றுத் தட்டும் முதுகின் கீழ்த்தட்டும் சந்திக்கிற இரு ஓரத்திலும் இரண்டரை செ.மீ. வீதம்.

வெட்டுவதற்கு முதலில் ஆய்வுகூடப் பழக்கத்தில், பல்செட் தேய்க்கிற சின்னச் சுழல்கருவியான மைக்ரோமோட்டாரைத்தான் எடுத்தேன். பல்செட் அக்ரிலிக் தூளாகப் பறக்கும். ஏபிஎஸ் அப்படியில்லை, சூட்டில் இளகிக் கருவியின் வெட்டுமுனைப் பல்லுக்குள் பிசினாக அப்பிக்கொண்டது. நல்ல முறை கட்டரால் இரண்டு மூன்று தரம் ஒரே கோட்டில் கீறி, மெதுவாக மடக்குவது. 'டிக்' என்று நேராக முறியும். வளைவான இடங்களுக்குத் தகரம் வெட்டும் வளைந்த கத்தரிக்கோல். அந்த 'டிக்' சத்தத்துக்கு எங்கள் வீட்டுப் பூனை இன்றைக்கும் ஓடி ஒளிகிறது.

குறுக்கிய முன்கைத் துண்டுகள் கையோடு படியாமல் விரிந்து நின்றன. அதற்கு வெந்நீர் வேண்டும். இதைக் கேட்ட தம்பி, "கன்னியாவுக்குக் கொண்டுபோவமா அக்கா?" என்றான். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறும் ஒவ்வொரு சூடு, ஆனால் எல்லாம் ஆள் குளிக்கிற சூடு. ஏபிஎஸ் இளகத் தண்ணீர் கொதிக்கவேண்டும். கொல்லையில் நெல் அவிக்கிற பழைய கிடாரத்தை அடுப்பில் ஏற்றினோம். துண்டின் ஓரத்தை மட்டும் கொதிநீரில் அரை நிமிடம் பிடித்து, வெளியே எடுத்து, ஒரு சோடாப் போத்தலைச் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டு பச்சைத்தண்ணீரில் அமிழ்த்தினேன். தடித்த கையுறை இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. மூன்றாம் தரம் சரியாக வந்தது.

கை, கால் தட்டு ஒவ்வொன்றும் முன்பாதி பின்பாதி என்று இரண்டு துண்டு. அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறாது, ஓரத்தோடு ஓரம் முட்டும். முட்டுகிற கோட்டின்மேல் ஒரு பட்டையை ஒட்டி மூடவேண்டும். கைக்கு 15 மி.மீ. அகலம், காலின் முன்பக்கத்துக்கு 20 மி.மீ. என்பது படத்து உடுப்பைப் பின்பற்றுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. உள்ளேயும் ஒரு பட்டை ஒட்டினால்தான் பலம். பசைக்கு ஈ-6000. காய இரண்டு மூன்று நாள் எடுக்கும், ஆனால் காய்ந்தபின்னும் ரப்பர் மாதிரி இருக்கும். பிழைவிட்டால் உரித்தெடுத்துத் திரும்ப ஒட்டலாம். நான் இரண்டு தரம் உரித்தேன். சுப்பர் குளூவால் ஒட்டியிருந்தால் தட்டே போயிருக்கும். காயும்வரை உடுப்புக் கிளிப்பும், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தமும், ஆய்வுகூட ரப்பர் வளையமும் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு கிழமைக்கு ஒரு மூட்டு. ஞாயிறு ஒட்டி அடுத்த ஞாயிறு கிளிப் கழற்றினேன்.

இடைவெளிகளை அடைக்க அசற்றோன் தேவைப்பட்டது. திருக்கடலூரில் ஃபைபர் வள்ளம் திருத்துகிற ஒரு அண்ணை இருக்கிறார், பிரஷ் கழுவ அவரிடம் எப்போதும் அசற்றோன் இருக்கும். ஒரு போத்தலோடு போய் நின்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டார். வெட்டிய ஏபிஎஸ் துண்டுகளை அசற்றோனில் ஊறவைத்துக் கரைத்தால் அதே பிளாஸ்டிக்கின் பசை வரும், அதைப் பூசி இடைவெளியை அடைப்பேன் என்றேன். அவர் இந்தக் கவசத்தை வாழ்க்கையில் கண்டதில்லை. ஆனாலும் உடனே விசயத்தைப் பிடித்துவிட்டார். "மெல்லிசா மெல்லிசாப் பூசு பிள்ளை. ஒரேயடியா அப்பினா மேல காயும், உள்ளுக்குக் காயாது, பிறகு குழி விழும். காத்துப் பக்கமா இருந்து செய், அடுப்புக்குக் கிட்டப் போகாத." அப்படியே செய்தேன். ஒரு படைக்கு ஒரு நாள். பிறகு 400, 800, 1200 என்று தண்ணீர் தொட்டு சாண்ட் பேப்பர். நகத்தால் தடவினாலும் மூட்டு எங்கே என்று தெரியாது.

ஒரேயொரு இடத்தில்தான் மனம் உடைந்தேன். தலைக்கவசத்தின் வலது காதுத் துண்டை, நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று ஆய்வுகூடத்துப் பொலிஷ் சக்கரத்தில் பிடித்தேன். பல்செட்டைத் தினமும் பிடிக்கிற சக்கரம். நான்கு விநாடிகூட இல்லை, சூட்டில் மேற்பரப்பு இளகி, பஞ்சுச் சக்கரத்தின் சுவடு வட்டமாகப் பதிந்துவிட்டது. அன்று முழுவதும் வேறு ஒன்றையும் தொடவில்லை. அடுத்த கிழமை ஏபிஎஸ் பசையை ஆறு படை பூசித் தேய்த்துக் கொண்டுவந்தேன். இப்போதும் வெயிலில் சரித்துப் பார்த்தால் அந்த இடத்தின் மினுக்கம் கொஞ்சம் வேறு.

சரி, இனி வார்கள். கவசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெள்ளைத் தட்டுகளைப் பற்றியே பேசுகிறார்கள். ஏழு மாத வேலையில் ஐந்து மாதம் முடிந்து, எல்லாத் தட்டும் மேசையில் பளபளத்துக் கிடந்தபோது நானும் முடிந்துவிட்டதென்றே நினைத்தேன். வார் போட்டு உடம்பில் மாட்டினால் மார்புத்தட்டு கழுத்தை அறுத்தது, இடுப்புப்பட்டி வயிற்றில் இறங்கியது, தொடை இரண்டும் முழங்காலுக்கு வழுகின. மேசையில் கிடந்தது கவசமில்லை, துண்டுகள்தான். அவற்றைக் கவசமாக்குவது உள்ளே யாருக்கும் தெரியாமல் ஓடுகிற நைலோன் வாரும் இலாஸ்டிக்கும் பிரஸ் பட்டனும்.

பஸ் நிலையத்துப் பக்கம் பள்ளிக்கூடப் பையும் சப்பாத்தும் தைக்கிற நானா ஒருவர் இருக்கிறார், மூதூர்க்காரர். என் வேலைப் பையை அவர்தான் மூன்று தரம் தைத்துத் தந்தவர். கனமான பிரஸ் பட்டன் அடிக்கும் கருவி அவரிடம் உண்டு. வாரும் தட்டும் எல்லாவற்றையும் உரப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பத்துப் பட்டன் அடித்துத் தந்தால் போதும் என்றுதான் போனது. அவர் அடிக்கவில்லை. "முதல்ல போட்டுக் காட்டு மகள்" என்றார். கடைக்குள் சட்டைக்கு மேலேயே மார்பும் முதுகும் மாட்டி நின்றேன். என்னைச் சுற்றி ஒருதரம் நடந்து, தோள் வாருக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

"பாரத்தக் கழுத்துக்குக் கிட்டப் போட்டிருக்கா. பிள்ளைகள்ற பையும் இப்பிடித் தைச்சா பின்னேரம் கழுத்து நோகும். தோள்ற நடுவுல போடு. மேல்பாரம் தோள்ல, கீழ்பாரம் இடுப்புல. ரெண்டையும் ஒரு வார்ல கட்டாத."

அந்தக் கடைசி வசனம் என் இரண்டு மாதத்தைக் காப்பாற்றியது. நான் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்துவிட்டிருந்தேன். ஆகவே தொடையின் பாரம் வயிற்றுத் தட்டை இழுக்க, வயிற்றுத் தட்டு மார்பை இழுக்க, மார்பு கழுத்தை இழுத்தது. பிரித்துவிட்டேன். தொடைகளுக்கு உள்ளே துணியில் தனியாக ஒரு இடுப்புப்பட்டி, அதற்குத் தோளில் போகும் தன் சொந்த வார். தொடைகள் அதில் மட்டும் தொங்கும். மார்பும் முதுகும் தோளின் நடுவில் 4 செ.மீ. அகல வாரில். வயிற்றுத் தட்டு மார்புத்தட்டில் இறுகாமல், இலாஸ்டிக்கில் கொஞ்சம் விளையாட இடம்விட்டு நிற்கும். மார்புத்தட்டு என் உடம்புக்கு எடுத்ததில்லை என்ற பிரச்சினையும் இதோடு தீர்ந்தது. தோள் வாரை 2 செ.மீ. நீட்ட, தட்டு தானாகவே சரியான இடத்தில் வந்து இருந்துகொண்டது. மொத்தம் 46 பிரஸ் பட்டன். நானா காசு வாங்கியது பட்டனுக்கு மட்டும்.

பெயின்ற் வேலை இரண்டு இரவில் முடிந்தது. வயிற்றிலுள்ள பொத்தான்களுக்கு நீலம், கன்னத்துக் குழாய்களில் நீலக் கோடுகள், பின் இடுப்பில் தொங்கும் உருளைக்குச் சாம்பல். கோடுகளுக்குப் பல்லுக்கு நிறம் தீட்டுகிற மெல்லிய பிரஷ். என் கைக்கு அது பழகிய வேலை.

சூடுதான் எங்கள் ஊரின் சொந்தப் பிரச்சினை. அந்தப் படத்தின் பாலைவனக் காட்சிகளைத் துனீசியாவில் எடுத்தார்கள், அங்கே இந்த உடுப்போடு நின்றவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் அது உலர்ந்த வெயில். நான் முதல்தரம் முழுதாக மாட்டியது ஆனி மாதம், வெளியே கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது, கதவைச் சாத்திய அறைக்குள் புழுக்கம். உள்ளே முழுக் கறுப்பு உடுப்பு, மேலே காற்றுப் புகாத பிளாஸ்டிக். பன்னிரண்டாவது நிமிடம் கண் இருட்டியது. தம்பி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டான். அதன்பிறகு அவன் பக்கத்தில் இல்லாமல் நான் மாட்டுவதில்லை.

தலைக்கவசத்துக்குள் 40 மி.மீ. மின்விசிறி இரண்டு வைத்தேன். ஒன்று வாய்ப்பக்கத்தால் காற்றை உள்ளே இழுக்கும், மற்றது பின்னால் வெளியே தள்ளும். 5 வோல்ற் போதும், முதுகுத்தட்டுக்குள் ஒரு பவர் பாங்க். உள்ளுடுப்பை மாட்டுவதற்கு முன் நனைத்துப் பிழிகிறேன். இப்போது முப்பத்தைந்து நிமிடம் நிற்கமுடிகிறது, நான் முப்பதில் நிறுத்திவிடுவேன். தலைக்கவசத்தின் கண்குழிக் கண்ணாடியில் மூச்சு படிந்து பனித்தது இன்னொரு தொல்லை. பல் வைத்தியர்கள் வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியும் இப்படித்தான் பனிக்கும், அதனால்தான் அதைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு உள்ளே விடுவார்கள். இங்கே சூடாக்க வழியில்லை. பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு துளியை உள்பக்கம் தேய்த்து, காயவிட்டு, மென்துணியால் துடைத்தேன். பனிப்பு நின்றது.

வெயிலில் காயவைக்கக்கூடாது என்பதை அம்மாவுக்குத்தான் சொல்லி விளங்கவைக்கவேண்டியிருந்தது. போட்டுக் கழற்றிய எதையும் கொடியில் போடுவது அவருடைய வழக்கம். வெயிலின் புற ஊதாக் கதிர் ஏபிஎஸ்ஸுக்குள் இருக்கும் ரப்பர்ப் பகுதியைத் தாக்கி மஞ்சளாக்கிவிடும். ஈரத்துணியால் துடைத்து, விசிறிக்குக் கீழே வைத்து, பழைய வேட்டியில் சுற்றி அலுமாரிக்குள் வைக்கிறோம். அப்பாவின் வேட்டி. அம்மாவே எடுத்துத் தந்தார்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறமுன், முற்றத்துக்கு முழுதாக வந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மதிலில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் கத்தினார்கள். சின்னவள், நாலு வயது, கத்தவில்லை. முகம் கறுத்து, "உள்ளுக்கு ஆர்?" என்று மட்டும் கேட்டாள். உடனே தலைக்கவசத்தைக் கழற்றினேன். வேர்த்து ஒழுகிய முகத்தைப் பார்த்து, "பல்லு அக்கா" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளிடம் கேட்டு, அவள் தலையாட்டியபின், திரும்ப மாட்டினேன். இந்த ஊரில் இனி எங்கே போட்டாலும் முதலில் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் மாட்டுவேன்.

மாட்டுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. தொடை மூடிய குழாய், சப்பாத்துப் போட்டபின் காலில் ஏறாது. முதல்தரம் சப்பாத்தைப் போட்டுவிட்டு நின்று, எல்லாவற்றையும் கழற்றவேண்டிவந்தது. ஆகவே தொடை முதலில், பிறகு சப்பாத்து, பிறகு பின்னால் திறக்கிற முழங்காற்துண்டு. மார்பு மாட்டியபின் நான் குனிய முடியாது, அதற்குமேல் எல்லாம் அம்மாவின் கை. அவர் போன வருடத்து நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பதினாறு வரியில் ஒழுங்கை எழுதி, குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஏழாவது வரி: "முதுகில் பட்டன் 4, அமத்திப் பார்."

இடது முழங்காற்துண்டின் பின் மூட்டு மட்டும் இன்னும் சரியில்லை, நாலு எட்டு வைத்தால் வெல்க்ரோ விட்டுக்கொடுக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கொக்கியும் இலாஸ்டிக்கும் போடலாம் என்று நானா சொன்னார். வெள்ளிக்கிழமை அவருக்குக் கடை இல்லை, சனிக்கிழமை போகிறேன்.